பசித்தால் மஞ்சளாகும்

ஜனவரி 12

அன்புள்ள ஊசிக்காரத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் அண்ணனும் இருக்கிறார். அவருடைய குறட்டை அவரைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. நீயும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? வாயாடி எப்படி இருக்கிறாள்? உன் மகளுக்கு நல்ல பெயர் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அது அவளுக்குப் பொருந்தவில்லை, நான் என்ன செய்ய?

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "ம்" கொட்டுகிறாய், அதற்கு நான் காசு கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதம் என்றால் நீ பதில் எழுதியாக வேண்டும். வாயாடிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டலாம். என் எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தவள் நான்.

முக்கியமான சங்கதி, வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வாயாடிக்கு ஏற்றுகிற மருந்தை எங்கள் ஊரில்தான் செய்கிறார்கள் என்று உங்கள் டாக்டர் சொன்னாராமே, அதே கம்பெனி. நேராகக் கேட்டில் போய் நின்றேன்.

"என்னம்மா வேலை தெரியும்?" என்றான் காவலாளி.

"கழுவத் தெரியும், துடைக்கத் தெரியும். வாயை மூடத்தான் தெரியாது."

சிரித்துக்கொண்டே உள்ளே அனுப்பினான். நம் பிள்ளைக்குச் சமைக்கிற அடுப்படியை நம் ஆள் ஒருத்தர் எட்டிப் பார்க்க வேண்டாமா?

உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள். அதற்குள் என்ன தெரியுமா? எலி. முழு எலி இல்லை, பயப்படாதே. எலி ஜாதியில் கொழுகொழுவென்று ஒரு குட்டிப் பிராணி இருக்கிறதாம். அதன் உடம்பிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள், கண்ணுக்கே தெரியாத பொடி, அந்தத் தண்ணீரில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. இதைச் சொன்னது இங்கே வேலை பார்க்கிற ஒரு பெண். பெரிய படிப்பு. மூக்கைவிடக் கண்ணாடி பெரிது, அதனால் கண்ணாடிக்காரி என்று வைத்திருக்கிறேன்.

வாயாடிக்கு என் முத்தம். அவள் கன்னத்தில் வை, உன் முள்தாடி படாமல்.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணனும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை புதிது, வழுக்கும் தரையில் ஓடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை வாயாடி மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். எலி என்று வந்ததும் அவள் அம்மா முகம் சுளித்தாள். இவளோ, "எனக்கு வால் முளைக்குமாப்பா? முளைச்சா ஸ்கூல்ல காட்டலாமா?" என்கிறாள். பெரியம்மாவிடம் கேட்டு எழுதச் சொன்னாள்.

நல்ல செய்தி ஒன்று. மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு வயிறு வற்றிக்கொண்டு வருகிறது. போன வருஷம் அவளுக்குக் கவுன் தைக்கும்போது இடுப்பு அளவெடுக்க எனக்குக் கை வரவில்லை. ஈரலும் மண்ணீரலும் வீங்கி, பானையை மறைத்து வைத்த மாதிரி இருந்தது. இப்போது அதே கவுனை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறேன். இத்தனை வருஷத் தையலில் இப்படிச் சந்தோஷமாக ஒரு துணியைச் சிறிதாக்கியதில்லை.

மாடிப்படியில் நாலு படி தானாக ஏறினாள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

ஊசிக்காரத் தம்பிக்கும் வால் இல்லாத வாயாடிக்கும்,

எனக்கு மூட்டுவலி ஒன்றுதான், அதுவும் வேலைக்குப் போகும்போது வராது, வீட்டில் துணி துவைக்கும்போது மட்டும் வரும். உன் அண்ணனுக்கு ஒரு பல் ஆடுகிறது. அதை ஆட்டிப் பார்ப்பதே முழுநேர வேலையாக வைத்திருக்கிறார். அங்கே எல்லோரும் சுகமா?

வாயாடி, வால் முளைக்காது. கண்ணாடிக்காரியிடம் கேட்டேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

"அக்கா, எலியோட சமாச்சாரம் எதுவும் மருந்துல வராது. அது சமையல்காரி மாதிரி. சமைச்சுட்டு வெளியே போயிடும்."

அப்பாவுக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன், கேள். உன் உடம்பில் ஒரு புரதம் ஊறவில்லை. அது இல்லாததால் தினசரிக் குப்பை வெளியே போகாமல் ஈரலிலும் எலும்பிலும் தங்கிவிடுகிறது. அந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்கிற குறிப்பு மற்ற மனிதர்கள் உடம்பில் எழுதியிருக்கிறது. இவர்கள் அந்தக் குறிப்பை எடுத்து எலிச் செல்லுக்குள் வைத்து, உன் அப்பா சட்டைக்குப் பாக்கெட் வைப்பாரே, அப்படித் தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் செல் தனக்குத் தேவையே இல்லாத ஒன்றை ராப்பகலாகச் செய்து தண்ணீரில் விடுகிறது. அந்தத் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டி, இன்னொரு கூடத்தில் எதை எதையோ செய்து, கடைசியில் உன் பாட்டில். ஒரு தொட்டி முழுக்க வடித்தால் கைப்பிடி அளவுகூடத் தேறாதாம்.

முதலில் சின்னக் குடுவையில் வளர்ப்பார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி, இதிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில், அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பெரியதில். குடுவையில் தீனித் தண்ணீர் ரோஸ் கலரில் இருக்கும். செல்லெல்லாம் சாப்பிட்டு முடித்துப் பசி வந்துவிட்டால் மஞ்சளாகும். உடனே ஓடி வந்து ஊட்டுவார்கள். வாயாடி மாதிரியேதான், ஒன்று மட்டும் வித்தியாசம், பசித்தால் இதுகள் கத்தாது.

என் வேலை கடைசியில் வருகிறது. மிஞ்சின குடுவைகளை ஆவிப் பெட்டியில் அடுக்கி, வேகவைத்து, செல்கள் செத்த பிறகுதான் சாக்கடைக்கு விடவேண்டும். ஆகவே எனக்கு அங்கே பெயர் எமன் பொண்டாட்டி. உன் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஒரே பெருமை.

படி ஏறினாளா? இறங்கினாளா? அதையும் எழுது.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அண்ணனின் பல் விழுந்ததா?

வாயாடி மாடி வரைக்கும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. மொட்டை மாடியில் நின்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கடைப் பலகை எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வருவதால் பத்து நிமிஷத் தூரத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது.

ஒன்று கேட்க வேண்டும். இந்தத் தடவை மருந்துப் பெட்டி வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது காதில் விழுந்ததா?

அன்புடன்,
தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எல்லாரும் சுகம்தானே? இங்கே சுகம்.

உன் அண்ணனின் பல் கதையைக் கேள். பல் டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம். நூல் கட்டிக் கதவில் மாட்டி இழுத்துக்கொள்வாராம். கட்டினார். கதவுக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று சொல்வதற்குள் நான் பால் வாங்கக் கதவைத் திறந்துவிட்டேன். பல் ஒரு பக்கம், மனுஷர் ஒரு பக்கம். "கொலைகாரி" என்று கத்தினார், ஆனால் "கொழைகாழி" என்றுதான் வந்தது. இன்றைக்கும் "ச" வராமல் திண்டாடுகிறார். நான் வேண்டுமென்றே "சோறு வேணுமா, சாறு வேணுமா" என்று கேட்கிறேன்.

மாடியில் கம்பி இருக்கிறதா? அவளைத் தனியாக விடாதே. நல்ல மழை. குடை ஓட்டை. எதிர்வீட்டு நாய் மூன்று குட்டி போட்டது.

பெட்டி தாமதம் என்று கேட்டிருந்தாய். வண்டி வாகனம் என்று ஆயிரம் இருக்கும். எனக்கு வேலை இப்போது குறைச்சல். துவைக்க வருகிற கம்பெனி உடுப்புகூடப் பாதிதான் வருகிறது. கால் வலிக்கு அதுவும் நல்லதுதான்.

வாயாடிக்கு முத்தம்.

அண்ணி


ஜூன் 19

அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். நான் கேட்டதற்கு ஒரு வரிதான் இருந்தது.

போன வாரம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனியாக அழைத்து உட்கார வைத்தார். கம்பெனி இந்த மருந்தை நிறுத்துகிறதாம். இருப்பதைப் பாதி அளவாக ஏற்றுகிறார்கள். அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வேறு மருந்து கிடையாது. அவர் நல்ல மனிதர், எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணி, உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நேற்று அந்தக் கவுனின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். துணி நன்றாக விரிந்து கொடுத்தது. எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவன். கேட்கிறேன். அந்தத் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் கிடைக்குமா? தரையில் சிந்தினது, தூக்கி எறிகிறது, எதுவானாலும் சரி. நீங்கள் உள்ளேதானே இருக்கிறீர்கள்.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை வாயாடிக்கு வாசிக்காதே. சுகம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாளா? வலி இருக்கிறதா?

தெரியும். ஏப்ரலிலேயே தெரியும். உன் கடிதம் வந்தபோது தொட்டிகளில் பாதி காலி. எழுத உட்கார்ந்தேன், பேனா பல்லைப் பற்றித்தான் எழுதியது. எனக்கு வந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

என்ன ஆயிற்று என்றால் ஒன்றும் ஆகவில்லை. செல்லுக்கு நோய் வரவில்லை, மருந்து கெடவில்லை. இந்த வியாதி இருக்கிற பிள்ளைகளை உலகம் முழுக்கத் திரட்டினாலும் ஒரு சினிமாக் கொட்டகை நிறையாதாம். அதே தொட்டியில் வேறு மருந்து வளர்த்தால் ஊர் ஊராக வாங்குவார்கள். மேலே இருக்கிறவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். எந்த அறையில் பேசினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மறுநாள் அங்கேயும் நான்தான் துடைத்திருப்பேன்.

கண்ணாடிக்காரியிடம் "இனி அந்தச் செல்லே கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. விதைச் செல் பனியில உறைய வச்சு, பூட்டி இருக்கு. சாகல. தூங்குது."

"எப்ப எழுப்புவாங்க?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். செத்துப் போனதென்றால் அழுதாவது தீர்த்துக்கொள்ளலாம் தம்பி. பூட்டி வைத்த இடத்தில் உயிரோடு தூங்குவதை என்ன செய்வது?

நீ கேட்ட பாட்டிலைப் பற்றி. தொட்டியில் இருப்பது மருந்து இல்லை. அதை அப்படியே ஏற்றினால் பிள்ளை அன்றைக்கே போய்விடுவாள். எக்காலத்திலும் அந்த நினைப்பு வேண்டாம்.

கடைசிக் குடுவைகளை வேகவைக்கும் வேலை எனக்கு வந்தது. தள்ளுவண்டியில் வரிசையாக ரோஸ் கலரில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஒன்றை அடுக்கவில்லை. ஒரு புட்டி தீனித் தண்ணீரையும் சேர்த்துச் சோற்றுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உறை இருந்தால் போதாதா? எங்கேயாவது ஒரு கம்பெனி, ஒரு டாக்டர், ஒரு புண்ணியவான் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாமே. அதுவரைக்கும் உயிரோடு வைத்திருந்தால் போதும். அதற்கு நம் உடம்புச் சூடுதான் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது. துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறேன். குனியும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன். ஆவி அறை வேலை இனி இல்லையாம், நானும் போகவில்லை.

உன் அண்ணன் பார்த்துவிட்டார். "என்னடி இடுப்புல?"

"மாசமா இருக்கேன். போய் புளிப்பா ஏதாவது வாங்கிட்டு வாங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ சமைக்கிறப்ப என்கிட்ட குடு" என்றார்.

இப்போது அவர் மடியில் இருக்கிறது. ரோஸ் கலராகத்தான் இருக்கிறது.

அண்ணி


ஜூலை 11

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நன்றாக இருக்க வேண்டும்.

இது நடக்காது என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம்கூட நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

இப்போது என்ன நிறம்? உடனே எழுதுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோதே மஞ்சளாகிவிட்டது. அதனால்தான் உடனே எழுதவில்லை. நாளைக்கு மாறும், நாளைக்கு மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் முதல் வரியை எழுத நினைத்தேன், முடியவில்லை.

முதலில் ஓரத்தில் லேசாக, எலுமிச்சை பட்ட மாதிரி. பசி என்று புரிந்தது. புட்டித் தண்ணீரை ஊற்றினேன், மறுபடி ரோஸ் ஆனது. உன் அண்ணன் கைதட்டினார், கேளேன், அந்த மனுஷர் கைதட்டினார். புட்டி தீர்ந்துபோனது. அப்புறம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். காய்ச்சல்காரனுக்குக் கொடுப்போமே, அப்படி. மஞ்சள் போகவில்லை. அப்புறம் கலங்கியது. மூடியைத் திறந்தால் வாடை.

கண்ணாடிக்காரி வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன். அவளையும் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள், பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க வச்சு மூடியத் திறந்தீங்கக்கா?"

"அடுப்படியில."

"திறந்த அன்னைக்கே கிருமி உள்ள போயிருக்கும்."

"திறக்காம இருந்திருந்தா?"

"பட்டினியில போயிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவள்தான் அழுதாள். இந்தச் செல்லை இந்த அளவுக்குக் கொண்டுவர அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆனதாம். நான் அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். குடுவையை வீட்டில் பானையில் போட்டு வேகவைத்தேன். அந்த ஒரு வேலைதான் எனக்கு ஒழுங்காக வரும்.

உடம்பில் சுற்றியிருந்த இடம் இன்னும் சில்லென்று இருக்கிறது. உன் அண்ணன் குறட்டை விடுவதில்லை. தூங்கினால்தானே.

என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது.

அண்ணி


அக்டோபர் 3

அண்ணிக்கு,

உங்களைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது. நீங்களும் அண்ணனும் சாப்பிடாமல் கிடக்காதீர்கள்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மருந்து தீர்ந்துவிட்டது. வயிறு பழையபடி ஆகி, அதற்கு மேலும் போய்விட்டது. மூச்சுக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். எலும்பு வலிக்கு ஊசி போட்டால் தூங்குகிறாள். இன்னும் எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் அவள் அம்மாதான் கேட்டாள். அவர் மாதம் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

உங்கள் ஜூலைக் கடிதத்தை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சட்டையைக் கட்டிலில் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரம், அவளே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். எல்லாம் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். பெரியம்மா இடுப்பில் கட்டி மருந்து வளர்க்கிறார்கள்.

அன்றைக்கு வார்டு முழுக்கச் சொன்னாள். நர்ஸிடம், பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம், தரை கூட்ட வந்த அம்மாவிடம். "எங்க பெரியம்மா கொண்டு வருவாங்க. வயித்துல வச்சு வளக்குறாங்க. இன்னும் குட்டியா இருக்கு, அதான் லேட்டாகுது." அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அவள் அம்மாவும் சொல்லவில்லை. சொல்ல நினைத்து உட்காருவேன், "பெரியம்மா எந்த ரயில்ல வருவாங்க?" என்பாள்.

எங்களால் முடியாது அண்ணி. நீங்கள் வாருங்கள்.

தம்பி


அக்டோபர் 8

தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

வருகிறோம். வியாழக்கிழமை விடியற்காலை ரயில். உன் அண்ணனும் வருகிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னை விசாரிக்க வேண்டாம்.

"அவகிட்ட என்னடி சொல்லப் போற?" என்று இவர் கேட்டார். ஏதாவது ஒரு பாட்டிலில் ரோஸ் தண்ணீர் கலக்கிக் கொண்டு போகலாமா என்று நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். கலக்கியும் பார்த்தேன். ஏற்றச் சொல்லி அவள் கையை நீட்டுவாள், அப்போது என்ன செய்வேன்? கொட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் செய். நாங்கள் வருகிற நேரத்தை அவளிடம் சொல்லாதே. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை முன்னால் அந்த வார்டு நீளத்துக்கு வெறும் கையோடு நடந்து வர எனக்குத் தெம்பு கிடையாது. அவள் தூங்கும்போது வந்து, சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கண் விழிக்கும்போது முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். சிரிப்பாள். அப்புறம்தான் என் கையைப் பார்ப்பாள்.

அண்ணி